பட்டம் கைக்கு வந்த பிறகும் சொத்து ஏன் வரவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பொருளாதார நிலையைப் பற்றிக் கேட்டிருந்தார். அந்நாட்டில் நடுநிலையில் உள்ள வெள்ளையர் குடும்பத்தின் சொத்து, அதே நிலையில் உள்ள கறுப்பினக் குடும்பத்தின் சொத்தைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடல் கடந்த ஒரு நாட்டின் கணக்கை நம் மக்கள் தம் வீட்டுக் கணக்கைப் போல் அக்கறையோடு படித்திருக்கிறார்கள். ஆகவே, இம்முறை பக்கம் முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் வெளியிடவில்லை.

*கேள்வி: ஐயா, ஆறு மடங்கு என்று எழுதியிருந்தீர்கள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கறுப்பின விளையாட்டு வீரர்களும் பாடகர்களும் பெருஞ்செல்வர்களாக இருக்கிறார்களே? இந்தக் கணக்கு எப்படி வந்தது? – தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்*

அம்மா, அமெரிக்க மத்திய வங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை குடும்பங்களின் நிதிநிலையை ஆராய்ந்து வெளியிடும் கணக்கிலிருந்து அந்த எண்ணை எடுத்தேன். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி வெள்ளையர் குடும்பச் சொத்தின் நடுமதிப்பு 285,000 டாலர். கறுப்பினக் குடும்பச் சொத்தின் நடுமதிப்பு 44,900 டாலர். சொத்து என்பது சம்பளம் அன்று. வீடு, நிலம், சேமிப்பு, ஓய்வுக்காலப் பணம், பங்குகள், வாகனம் ஆகியவற்றைக் கூட்டி, வீட்டுக் கடன், கல்விக் கடன், கடனட்டைப் பாக்கி ஆகியவற்றைக் கழித்த பின் மிஞ்சுவதுதான் சொத்து.

நடுமதிப்பு என்பதை நம் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை வைத்தே விளக்கிவிடலாம். ஒரு லயத்தில் பதினொரு வீடுகள் இருக்கின்றன என்றும், மிகக் குறைந்த சொத்துடைய வீட்டில் தொடங்கி மிக அதிகச் சொத்துடைய வீடு வரை அவற்றை வரிசைப்படுத்துகிறோம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வீட்டின் சொத்துதான் நடுமதிப்பு. பதினோராவது வீட்டுக்காரருக்கு நாளையே பல மில்லியன் கிடைத்தாலும் ஆறாவது வீட்டின் கணக்கு ஒரு காசுகூட ஏறாது; ஆனால் எல்லா வீடுகளின் சராசரியும் தாவி ஏறிவிடும். தொலைக்காட்சியில் நீங்கள் பார்ப்பவர்கள் பதினோராவது வீட்டுக்காரர்கள். அவர்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நிலைமை மாறிவிடுமா என்றால், அதுவும் இல்லை. அதே ஆண்டில் வெள்ளையர் குடும்பச் சொத்தின் சராசரி 1.3 மில்லியன் டாலருக்கும் மேல். கறுப்பினக் குடும்பச் சொத்தின் சராசரி ஏறத்தாழ 210 ஆயிரம் டாலர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் 2019க்கும் 2022க்கும் இடையில் கறுப்பினக் குடும்பங்களின் நடுமதிப்பு 61 விழுக்காடு உயர்ந்தது. வெள்ளையர் குடும்பங்களுடையது 31 விழுக்காடுதான் உயர்ந்தது. இதைக் கேட்டதும் இடைவெளி குறைந்துவிட்டது என்றே தோன்றும். டாலரில் எண்ணிப் பார்த்தால், அதே மூன்று ஆண்டுகளில் இடைவெளி சுமார் 50 ஆயிரம் டாலர் கூடி, 240 ஆயிரத்தை எட்டியது. சிறிய தொகையில் 61 விழுக்காடு என்பது பெரிய தொகையில் 31 விழுக்காட்டைவிட மிகச் சிறியது. எங்கே விழுக்காட்டைப் பார்ப்பது, எங்கே தொகையைப் பார்ப்பது என்பதை ஆறாம் ஆண்டுக் கணக்குப் பாடத்திலேயே பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட எடுத்துக்காட்டுகளோடு சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

*கேள்வி: 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் 41.1 மில்லியன் என்று ஓரிடத்திலும், 46.9 மில்லியன் என்று வேறோர் இடத்திலும் படித்தேன். எது சரியான எண்? – ஆறாம் படிவ மாணவர்*

தம்பி, இரண்டும் சரியே. தம்மைக் கறுப்பினத்தவர் என்று மட்டும் குறித்தவர்கள் 41.1 மில்லியன், அதனோடு வேறோர் இனத்தையும் சேர்த்துக் குறித்தவர்களையும் கூட்டினால் 46.9 மில்லியன், அதாவது மக்கள்தொகையில் நூற்றுக்கு 14 பேருக்குச் சற்று மேல். நீங்கள் எந்த எண்ணைப் பயன்படுத்தினாலும், அது எந்த வரையறையைச் சேர்ந்தது என்பதை உங்கள் கட்டுரையில் எழுதிவிடுங்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒருவர் எந்த இனத்தவர் என்பதை யார் முடிவு செய்கிறார்? அந்நாட்டின் முதல் கணக்கெடுப்பு 1790இல் நடந்தபோது, படிவத்தில் சுதந்திரமான வெள்ளையர், ஏனைய சுதந்திர மனிதர், அடிமைகள் என்ற பிரிவுகளே இருந்தன. அடிமைகளாக எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடும்போது அவர்களுள் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணவேண்டும் என்று அரசியலமைப்பே விதித்திருந்தது. வாக்குரிமை இல்லாத அடிமைகளின் தலையை எண்ணி, அவர்களை அடிமைப்படுத்தியவர்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்த விதி அது. 1890இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவருடைய முன்னோரில் பாதி கறுப்பினமா, காலா, எட்டில் ஒன்றா என்று பிரித்து எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு ஆணையிட்டார்கள். வீட்டு வாசலில் நின்று முகத்தைப் பார்த்து எட்டில் ஒரு பங்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கும்போதே மனம் கசக்கிறது. 1930இலோ எவ்வளவு சிறிய அளவு கறுப்பின இரத்தம் இருந்தாலும் அவரைக் கறுப்பினத்தவராகவே எழுதவேண்டும் என்றாயிற்று.

தம் இனத்தைத் தாமே குறிக்கும் வழக்கம் 1960இல்தான் தொடங்கியது. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கும் வாய்ப்பு 2000இல் வந்தது. ஆகவே, 1930இன் எண்ணையும் 2020இன் எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்து வளர்ச்சி என்று சொல்வது சரியாகாது. மனிதர் கூடியது ஒரு பகுதி, கேள்வி மாறியது இன்னொரு பகுதி. கறுப்பினத்தவர் என்ற ஒரே சொல்லுக்குள் பல வரலாறுகளும் இருக்கின்றன. பத்தில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்து குடியேறியவர். ஜமைக்காவிலிருந்தும் ஹைட்டியிலிருந்தும் வந்தவர்கள் அவர்களுள் அதிகம். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருபவர்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடிவருகிறது. அப்படிக் குடியேறியவர்களிடையே பட்டதாரிகளின் விழுக்காடு, அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவரிடையே உள்ளதைவிட அதிகம். இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவிலும், பியூ ஆய்வு மையம் 2021இல் கேட்டபோது, கறுப்பினத்தவராக இருப்பது தம்மைப் பற்றிய எண்ணத்தில் மிக முக்கியமானது என்று நூற்றுக்கு 76 பேர் சொன்னார்கள். வெளியிலிருந்து இழிவுபடுத்துவதற்காக வரையப்பட்ட ஒரு வட்டத்தை, உள்ளே இருந்தவர்கள் தம் உறவாக மாற்றிக்கொண்டார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் கதையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. ஆங்கிலேயர் ஆண்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம்மவர்கள் 'தமிழரும் இந்தியாவின் ஏனைய மக்களும்' என்ற தலைப்பில் எழுதப்பட்டார்கள். பிறகு 'இந்தியர்' என்ற ஒரே தலைப்புக்குள் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் சீக்கியரும் அடங்கினார்கள். அந்தத் தலைப்பின் விளைவைப் பற்றிக் கீழே மீண்டும் பேசவேண்டியிருக்கும்.

*கேள்வி: 'கறுப்பர்' என்று எழுதுவது இழிவாகாதா? – இல்லத்தரசி, தோட்டக் குடியிருப்பு*

1960களில் அந்த மக்களே அச்சொல்லைப் பெருமையோடு எடுத்துக்கொண்டார்கள், அம்மா. அதற்கு முன் மரியாதைச் சொல்லாக இருந்த 'நீக்ரோ' இன்று அவர்களைப் புண்படுத்தும் சொல்லாகிவிட்டது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில்கூட அது இருந்தது. அதை நீக்குவதாக 2013இல் அறிவித்தார்கள். நம் எழுத்திலும் அதை விட்டுவிடுவோம். 'கறுப்பின மக்கள்' என்பது நேரான, மரியாதையான சொல். நிறத்தைச் சொல்வதே இழிவு என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் நம் திருமண விளம்பரங்களில் இருக்கிறது, அமெரிக்காவில் தேடவேண்டியதில்லை. நம்மை இழிவாகக் குறிக்கும் 'கிளிங்' என்ற சொல்லால் இந்நாட்டில் காயப்பட்ட நாம், பிறரை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பதில் இரு மடங்கு கவனமாக இருக்கவேண்டும்.

*கேள்வி: 'படித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்' என்று சொல்லித்தான் எங்கள் பிள்ளைகளை வளர்த்தோம். அந்த மக்கள் படிக்கவில்லையா? – செம்பனைத் தோட்டத் தொழிலாளி*

ஐயா, அவர்களைப் போல் கல்விக்காகப் பாடுபட்ட மக்கள் உலகில் மிகச் சிலரே. உள்நாட்டுப் போருக்கு முன், தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே சட்டப்படி குற்றம். 1870இல் கறுப்பின மக்களில் நூற்றுக்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். 1900இல் அது 45 ஆகவும், 1940இல் 12க்குள்ளாகவும் இறங்கியது. ஒரு மக்கள் கூட்டம், எதிர்ப்புக்கும் வன்முறைக்கும் நடுவில், எழுபதே ஆண்டுகளில் இதைச் செய்து முடித்தது. அவர்கள் விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் ஃபிஸ்க் 1866இலும், ஹோவர்ட், மோர்ஹவுஸ் ஆகியவை 1867இலும் கல்லூரிகளாக எழுந்தன. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட அத்தகைய கல்லூரிகளில் நூறு அளவில் இன்றும் நடக்கின்றன.

ஆயினும் பள்ளிகள் நிறத்தால் பிரிந்தே இருந்தன. அத்தகைய பிரிவினையை 1896இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1954இல்தான் பள்ளிகளில் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1940இல் 25 வயதைக் கடந்த கறுப்பினத்தவரில் இடைநிலைப் பள்ளியை முடித்தவர்கள் நூற்றுக்கு 8 பேர்கூட இல்லை. இன்று ஏறத்தாழ 90 பேர். பட்டதாரிகள் 1940இல் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். 2000இல் 14 அல்லது 15 பேர். 2022இல் 26 பேர். இதில் பெண்களே ஆண்களை முந்தி நிற்கிறார்கள், நம் பல்கலைக்கழகங்களிலும் நாம் காண்பதைப் போல. இந்த எண்களிலும் ஒரு குறை உண்டு. வீடு வீடாக நடத்தப்படும் ஆய்வுகளில் சிறையில் இருப்பவர்கள் சேர்வதில்லை. கறுப்பின இளைஞர்கள் அளவுக்கு மீறிச் சிறையில் அடைக்கப்பட்டிருக்கும் நாட்டில், அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் கல்வியின் படம் உண்மையைவிட அழகாகத் தெரியும் என்பதைச் சமூகவியலாளர் பெக்கி பெட்டிட் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இனி உங்கள் கேள்வியின் வலிக்கு வருகிறேன். படித்தார்கள், ஆனால் மற்றது தானாக வரவில்லை. 2015இல் பொருளியலாளர்கள் வில்லியம் டாரிட்டி, டாரிக் ஹாமில்டன் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கணக்கின்படி, பட்டதாரி ஒருவரைத் தலைவராகக் கொண்ட கறுப்பினக் குடும்பத்தின் சொத்து நடுமதிப்பு, இடைநிலைப் பள்ளியைக்கூட முடிக்காத வெள்ளையரைத் தலைவராகக் கொண்ட குடும்பத்தினுடையதைவிடக் குறைவாக இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை நான் முதலில் படித்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று 'படி, படி' என்று சொன்ன என் குரலே என் காதில் ஒலித்தது. பட்டத்துக்காக வாங்கும் கடனும் சமமாக இல்லை. படிப்பை முடிக்கும் நாளில் கறுப்பினப் பட்டதாரியின் கடன் வெள்ளையரைவிடச் சராசரியாக 7,400 டாலர் அதிகம்; நான்கு ஆண்டுகள் கழித்து அவருடைய மொத்தக் கடன் ஏறத்தாழ 53,000 டாலராகி, வெள்ளையர் கடனைப் போல் சுமார் இரு மடங்கு ஆகிவிடுகிறது. வட்டி ஏறுவதும், மேற்படிப்புக்கு மீண்டும் கடன் வாங்குவதும் அதற்குக் காரணம். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இதனால் படிப்பு வீண் என்று எவரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. படித்த கறுப்பினத்தவரின் வருமானம் படிக்காத கறுப்பினத்தவரின் வருமானத்தைவிட உயர்ந்ததே. கல்வி சம்பளத்தைக் கூட்டுகிறது. சொத்து பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது, அந்த வழியைப் பற்றி அடுத்த கடிதம் கேட்கிறது.

*கேள்வி: சம்பளம் வந்தும் சொத்து சேரவில்லை என்றால், அந்தப் பணம் எங்கே தடைபட்டது? – ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி*

ஐயா, தோட்டத்துக் கணக்குப் புத்தகம் எழுதியவர் நீங்கள். ஆகவே வரவை முதலில் பார்ப்போம். வெள்ளையர் குடும்பங்களில் பத்துக்கு மூன்று குடும்பங்கள் முன்னோரின் சொத்தைப் பெற்றிருக்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் பத்துக்கு ஒன்றுதான் என்று 2019ஆம் ஆண்டு மத்திய வங்கிக் கணக்கு சொல்கிறது. விட்டுச் செல்ல முன்னோரிடம் ஏன் இல்லாமற் போயிற்று என்பதற்குப் பின்னோக்கிப் போகவேண்டும்.

1865 ஜனவரியில், போர் முடியும் முன்பே, தளபதி ஷெர்மன் தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடற்கரை நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை விடுதலை பெற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 40 ஆயிரம் பேர் அங்கே குடியேறி உழத் தொடங்கினார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டு முடிவதற்குள் அந்நிலத்தின் பெரும்பகுதியைப் பழைய பண்ணையாளர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நிலம் போயிற்று, சேமிப்பாவது நின்றதா? அதே 1865இல் விடுதலை பெற்றவர்களுக்காக ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. சலவைத் தொழில் செய்த பெண்களும் கூலியாட்களும் போர்வீரர்களும் சிறு சிறு தொகையாகப் போட்டு வைத்தார்கள். மேலே இருந்தவர்கள் அப்பணத்தைத் தவறான இடங்களில் கடனாகக் கொடுத்தார்கள். 1874இல் வங்கி மூடப்பட்டபோது 61 ஆயிரம் பேரின் ஏறத்தாழ 3 மில்லியன் டாலர் சிக்கிக்கொண்டது. கடைசி மாதங்களில் அதன் தலைவராக அமர்த்தப்பட்ட ஃபிரெட்ரிக் டக்ளஸ், தம் சொந்தப் பணம் 10 ஆயிரம் டாலரைப் போட்டும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

அப்படியும் அவர்கள் நிலம் வாங்கினார்கள். 1910 வாக்கில் கறுப்பின விவசாயிகளிடம் சுமார் 15 மில்லியன் ஏக்கர் இருந்தது. 1920இல் கறுப்பின விவசாயிகள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இன்று 50 ஆயிரத்துக்கும் குறைவு. கடன் மறுப்பு, மிரட்டல், வடக்கு நகரங்களுக்குப் பெயர்ச்சி எனக் காரணங்கள் பல. அவற்றுள் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாகிவிடும். எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு வாரிசின் சிறு பங்கை வெளியாள் ஒருவர் வாங்கிக்கொண்டு, முழு நிலத்தையும் ஏலத்தில் விற்கும்படி நீதிமன்றத்தை நாடலாம். அப்படியே கை மாறிப் போன நிலம் ஏராளம். (உயில் எழுதுவது அபசகுனம் என்று நினைக்கும் பெரியவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.)

நகரத்துக்குப் போனவர்களின் கதை வேறு. 1930களில் கூட்டரசின் வீட்டுக் கடன் அமைப்பு இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தால் 'ஆபத்தானவை' என்று குறித்தது. 1934இல் தொடங்கிய வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டமும் அத்தகைய பகுதிகளை ஒதுக்கியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கடனும் கல்விச் செலவும் தந்தது. ஆனால் 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் உத்தரவாதம் பெற்ற 3,200க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டு விழுக்காடு அன்று, இரண்டே கடன்கள். வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1960இல் வெள்ளையரில் நூற்றுக்கு 65 குடும்பங்களும் கறுப்பினத்தவரில் 38 குடும்பங்களும் சொந்த வீட்டில் இருந்தன. அண்மை ஆண்டுகளில் அது சுமார் 74க்கு 45. இரு தரப்பும் ஏறியிருக்கின்றன. இடைவெளி மட்டும் அன்றைக்கு இருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிற்கிறது.

என் தந்தையார் 36 ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டினார். தோட்டம் கை மாறியபோது வேலை போயிற்று. வேலையோடு ஒட்டிய வீடு என்பதால் லயத்து வீடும் அன்றே போயிற்று. நான் அப்போதுதான் ஆசிரியராகியிருந்தேன். அவருடைய சேமநிதிப் பணம் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணமாயிற்று. என் சம்பளத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் அதன் மாதத் தவணைக்குப் போயிற்று. என்னோடு ஒரே நாளில், ஒரே சம்பளத்தில் சேர்ந்த நண்பருக்குத் தந்தை விட்டுச் சென்ற ஐந்து ஏக்கர் கித்தாத் தோட்டம் இருந்தது. ஓய்வுபெறும் நாளில் அவருக்கு மூன்று வீடுகள், எனக்கு ஒன்று. இருவரும் ஒரே படிப்பு, ஒரே உழைப்பு. அமெரிக்கக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு அந்த ஐந்து ஏக்கர்தான் நினைவுக்கு வருகிறது.

*கேள்வி: முகநூலில் ஒருவர் இதே புள்ளிவிவரங்களைக் காட்டி, அந்த மக்கள் உழைக்க விரும்பாதவர்கள் என்று எழுதினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. – தொழிற்சாலைப் பணியாளர்*

அந்த வாதம் நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது, தம்பி. 1896இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளிவிவர வல்லுநர் பிரெட்ரிக் ஹாஃப்மன், கறுப்பின மக்களின் உயர்ந்த இறப்பு விகிதத்தைக் காட்டி, அதற்குக் காரணம் வாழ்க்கை நிலை அன்று, இனத்தின் இயல்பே என்று எழுதினார். காப்பீடு மறுப்பதற்கு அது வசதியான ஆதாரமாயிற்று. அதே காலத்தில் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்ற இளம் அறிஞர், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர், ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வட்டாரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். யார் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு வாடகை கொடுக்கிறார், எத்தனை பேர் ஓர் அறையில் தூங்குகிறார்கள், எந்த வேலைக்குப் போனால் கதவு மூடப்படுகிறது என்று கேட்டு எழுதினார். இறப்பு விகிதத்துக்குப் பக்கத்தில் வாடகையையும் வேலை மறுப்பையும் வைத்தவுடன் எண்ணின் பொருள் மாறிவிட்டது.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக அவரும் அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களும் மையாலும் வண்ணத்தாலும் கையாலேயே வரைந்த சுமார் 60 விளக்கப் படங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்கள் வாங்கிய நிலத்தின் அளவு ஆண்டுதோறும் வளர்ந்து, பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டியதை அவற்றுள் ஒன்று காட்டுகிறது. உழைக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அடிமைத்தளை அறுந்து முப்பத்தைந்து ஆண்டுகளில் வாங்கிய நிலம் அது.

உங்கள் நண்பரிடம் இதைக் கேளுங்கள்: 1959இல் கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 55 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள், 2022இல் 17 பேர். இனத்தின் இயல்புதான் காரணம் என்றால், அந்த இயல்பு இரண்டு தலைமுறைக்குள் எப்படி மாறியது? மாறியவை சட்டமும் பள்ளியும் வேலை வாய்ப்பும் அல்லவா?

*கேள்வி: அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒன்றுதானே? – கடிதம் எழுதியவர்களுள் ஐவர் இதையே கேட்டிருக்கிறார்கள்*

ஒன்று அன்று. நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகவும், ஆள் சேர்க்கும் கங்காணி வழியாகவும் வந்தார்கள். கடனாலும் கொடுமையாலும் துன்புற்றார்கள். ஆனால் அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பிறர் உடைமையாக விற்கப்படவில்லை. அங்கே எழுத்து தடை செய்யப்பட்டது. இங்கே 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. அந்தப் பள்ளி தோட்டத்து எல்லையைத் தாண்டும் வழியைக் காட்டவில்லை என்பது வேறு குறை. பிறர் துயரத்தை நம் துயரத்தின் அளவுகோலாக்குவது அவர்களுக்கும் நீதியன்று, நமக்கும் பயனன்று.

ஒப்பிடத் தக்கது நிலத்தின் கதை. மலாயா விடுதலைக்குப் பின் வெள்ளைக்கார முதலாளிகளின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, நம் ஊரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தில் முதலில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். தொழிலாளிக்குச் சம்பளம் மட்டும் போதாது, காலடி நிலமும் வேண்டும் என்பதை அவர் அன்றே கண்டார். அந்தச் சங்கம் வாங்கியதைவிட, துண்டாடலில் போன நிலம் பன்மடங்கு என்பதுதான் என் தலைமுறையின் ஆறாத வருத்தம்.

மேலே நான் சொன்ன 'இந்தியர்' என்ற தலைப்பின் விளைவும் இங்கேதான் வருகிறது. நம் புள்ளிவிவரத் துறையின் குடும்ப வருமான ஆய்வுகளில் இந்தியரின் நடுமதிப்பு தேசியப் பட்டியலில் கடைசியில் இருப்பதில்லை. அதைக் காட்டி நமக்குக் குறையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கோலாலம்பூர் மருத்துவரும் வழக்கறிஞரும், தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு நகரோர மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தவரும் ஒரே எண்ணுக்குள் அமர்ந்திருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்களைத் தனியே எண்ணாத வரை, அவர்களுடைய ஆறாவது வீடு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நைஜீரியாவிலிருந்து வந்த பொறியாளரையும் மிசிசிப்பியில் பிறந்த கூலித் தொழிலாளியையும் ஒரே எண்ணுக்குள் வைக்கும் அமெரிக்கக் கணக்கிலும் இதே தொல்லைதான்.

*கேள்வி: கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் நாங்கள் கதவைத் திறப்பதில்லை. பெயரும் விவரமும் கொடுத்தால் பிரச்சினை வருமா? – வாடகை வீட்டில் குடியிருக்கும் பாட்டி, சுங்கை சிப்புட்*

கதவைத் திறங்கள், அம்மா. வந்தவரிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நீங்கள் கொடுக்கும் தனி விவரம் 1965ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டத்தின்படி இரகசியமானது. அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பிறகு சரிபார்த்தபோது, கறுப்பின மக்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மேல் எண்ணப்படாமல் விடுபட்டது தெரியவந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அப்படியே விடுபட்டார்கள். சொந்த வீட்டுக்காரர்களோ உண்மையைவிடச் சற்று அதிகமாகவே எண்ணப்பட்டிருந்தார்கள். நம் நாட்டில் கடைசிக் கணக்கெடுப்பு 2020இல் தொடங்கியது. அடுத்தது 2030இல் வரவேண்டும். அப்போது உங்களோடு இருக்கும் பேரப்பிள்ளைகள் எல்லாரையும், பிறப்புப் பத்திரம் இன்னும் கைக்கு வராத கடைசிப் பேத்தியையும் சேர்த்து, ஒருவரையும் விடாமல் சொல்லுங்கள். அவளுடைய பத்திரத்துக்கு என்ன செய்யலாம் என்று தனியே உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன்.